பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: தலைகீழாகப் போகும் க்ளோன்

போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கும்போதே முகம் வாடியிருந்தது. "அண்ணே, எஸ்எஸ்டி மாத்தினேன். எல்லாம் காலி" என்றான். (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்தான் எஸ்எஸ்டி.) பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நான் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். காலியானது அவளுடைய வளைகாப்பு படங்கள்.

ஸ்க்ரூவைத் தொலைப்பது, கேபிளை முறுக்கி இழுப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை ஒருமுறை செய்தால் தானாகப் புரிந்துவிடும்.

க்ளோன் எந்தப் பக்கம் போகிறது?

பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதுதான் க்ளோன். எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேபிளில் மாட்டிவிட்டு மென்பொருளைத் திறந்தால், எதிலிருந்து, எதற்கு என்று கேட்கும். அதை மாற்றிச் சொல்லிவிட்டால் பத்து வருஷக் கணக்கின் மேல் காலி டிஸ்க் வந்து உட்காரும். எச்சரிக்கை வரத்தான் செய்யும். ஏழெட்டு முறை 'நெக்ஸ்ட்' அழுத்திய கை அதையும் அழுத்திவிடும்.

இது எப்படி மாறும் என்று சிரிக்காதீர்கள். பழையது 500 ஜிபி, புதியதும் 500 ஜிபி. கம்பெனிக்காரன் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறான், விண்டோஸ் 1024-ஆல் போடுகிறது. ஆகவே இரண்டுமே 465 என்றுதான் திரையில் நிற்கும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற பெயர் மட்டும்தான் வேறு.

நான் இப்போது செய்வது இதுதான். பழையது 500 என்றால் புதியதை 480 ஆக வாங்குகிறேன். அது 447 என்று காட்டும், குழப்பமே இல்லை. உள்ளே இருப்பது அதற்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்ப்பேன். புது டிஸ்க் கறுப்புப் பட்டையோடு ஒன்றுமில்லாமல் கிடக்கும், பழையதில் நீலப் பட்டைகள் இருக்கும். இதையெல்லாம் தொடங்கும் முன்பே முக்கியமான கோப்புகள் மூன்றாவதாக ஒரு டிஸ்கில் ஏறியிருக்கும்.

மாற்றிப் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். என்னை இன்றும் எரிச்சலூட்டுவது அதற்கு அடுத்த பத்து நிமிஷம். லேப்டாப் கிளம்பவில்லை என்றதும் பதறிப்போய் அதே பழைய டிஸ்கில் விண்டோஸ் ஏற்றுகிறார்கள்! காலி டிஸ்கைத் தவறாக க்ளோன் செய்தால் பெரும்பாலும் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பட்டியல், மட்டும்தான் அழியும். பட்டாவைக் கிழித்த மாதிரி, நிலம் அங்கேயேதான் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள் பல சமயம் அந்தப் பட்டாவைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடும். அதன் மேல் விண்டோஸ் ஏற்றுவது அதே நிலத்தில் வீட்டைக் கட்டிவிடுவது. அஸ்திவாரம் விழுந்த இடத்தில் இருந்த பயிர் திரும்ப வராது. (காலி இடத்தையும் விடாமல் செக்டர் செக்டராக நகலெடுக்கும் முறையைத் தேர்ந்திருந்தால் இந்த வழியும் கிடையாது.)

தம்பி விண்டோஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தான். படங்கள் பாதி, பெயரில்லாமல் வந்தன. மூன்று வருஷக் கணக்கு வரவில்லை. நானும் அன்றைக்கு இதையேதான் செய்தேன். வளைகாப்பு என்ற பேச்சு எடுத்தாலே அக்கா இன்றும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

சரியாக முடிந்தாலும் பழைய டிஸ்கை ஒரு மாசம் தொடாதீர்கள். தேதி எழுதிய கவரில் போட்டு பீரோவில் வையுங்கள்.

டிவிடி இடத்தில் எஸ்எஸ்டி

டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிஸ்கைப் பொருத்தும் சட்டமான கேடியை மாட்டினால் இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் சோம்பல்பட்டு புது எஸ்எஸ்டியைக் கேடியில் வைத்துவிடுகிறார்கள். பல பழைய லேப்டாப்புகளில் டிவிடிக்குப் போகும் சாட்டா பாதை (டிஸ்கை லேப்டாப்போடு இணைக்கும் வழி) மெதுவானது, சாட்டா 3-க்கு முந்தைய தலைமுறை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது போலத்தான். சாட்டா 3-இல் நொடிக்கு 550 எம்பி ஓடக்கூடிய எஸ்எஸ்டி, சாட்டா 2-இல் 280-ஐத் தாண்டாது. எஸ்எஸ்டி உள்ளே, ஹார்ட் டிஸ்க் கேடியில். கேடியும் 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வருகிறது, அளந்துவிட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பே சாட்டா 2 என்றால் மனம் தளர வேண்டாம். ஹார்ட் டிஸ்கின் முள் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போக பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும். நமக்குத் தெரியும் வேகம் பெரும்பாலும் அதுதான்.

எம்.2

சின்னப் பட்டை போல வரும் எஸ்எஸ்டியின் வடிவத்துக்குப் பெயர் இது. அதே வடிவில் சாட்டாவும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இயும் வரும். உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பிட்லாக்கர்

விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி இது. அது போட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்த பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி

அந்த விலைக்கு வரும் எஸ்எஸ்டி போலி. பெட்டிக்குள் மெமரி கார்டு இருக்கும்.

ஐப்பசியில் க்ளோன்

யூஎஸ்பி 2.0 வழியாக 300 ஜிபி போக மூன்று மணி நேரம் வரை ஆகும். பேட்டரி செத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு அடைமழை நாளில் தொடங்கினால், பாதியில் கரண்ட் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடாகப் பார்த்து உட்காருங்கள், மாமியார் வீடானாலும் பரவாயில்லை.