ரொக்கத்தில் வீடு வாங்குபவரின் பேரம்

இங்கிலாந்தில் வீட்டை விற்பவர்களில் பலர் அந்தப் பணத்தில்தான் அடுத்த வீட்டை வாங்குகிறார்கள். இப்படிச் சங்கிலியாக நீளும் விற்பனைகளில் ஒன்று முறிந்தாலும் மற்றவை தடுமாறும். வீட்டுக்கடன் வேண்டாம், விற்க வேண்டிய வீடும் இல்லை என்றால் அதுதான் உங்கள் பலம். ஆனால் "ரொக்கம்" என்று வாயால் சொன்னால் போதாது. பணம் இருப்பதற்கான வங்கி ஆதாரம், உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டரின் விவரம் இரண்டையும் சேர்த்தே விலையைச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் விற்பவருக்காக வேலை செய்பவர். உங்கள் உச்ச விலையை அவரிடம் சொல்லவே வேண்டாம். விற்பவருக்கு என்ன அவசரம் என்று முதலில் விசாரியுங்கள். விற்பனை முறிந்து மறுபடி சந்தைக்கு வந்த வீடு என்றால் துணிந்து குறைத்துக் கேட்கலாம். வாரிசுகள் விற்கும் காலி வீடும் அப்படித்தான்; அதில் புரோபேட் (இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி) கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள், இல்லையேல் உங்கள் வேகம் வீண். அக்கம்பக்க வீடுகள் விலைபோன தொகை நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

விலை படிந்ததும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும்வரை விற்பவர் வேறொருவருக்கு மாறலாம். அப்புறம், வங்கி கேட்காவிட்டாலும் கட்டடத்தின் நிலையை ஆராயும் சர்வேயரை வைத்து வீட்டைச் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள்.