யானைமலையில யானை இருக்கா? பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ்ல விலங்கும் அதோட இருப்பிடமும் சொல்லிக் குடுக்கிற வழி

எங்க வீட்டு மொட்டமாடிக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு வாண்டுக ஸ்பானிஷ் படிக்க வருதுக, எல்லாம் ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள. மதுரையில எதுக்கு ஸ்பானிஷ்னு கேப்பீங்க, அக்கா தம்பி ரெண்டு பேரோட அப்பா மெக்சிகோவில வேலை பாக்குறாரு, இன்னொண்ணோட அத்தை மாட்ரிட்ல இருக்காங்க, மீதி நாலும் இதுக கூட விளையாட வந்து அப்படியே ஒட்டிக்கிருச்சுக. ஓலா, கிராசியாஸ்னு வாயில வந்துருச்சு, வாசிக்க வைக்கிறதுதான் பெரும்பாடா இருந்துச்சு. வாசிக்க ஆரம்பிக்க எந்த விலங்கு எங்க இருக்குங்கிற பாடம்தான் இருக்கிறதுலயே லேசு, ஆனா நான் முதல் தடவ நல்லா சொதப்புனேன்.

என்ன பண்ணேன்னா, ஆன்லைன்ல ஒரு படக்கார்டு செட்டு வாங்கினேன். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பென்குயின், துருவக்கரடி எல்லாம் வழவழன்னு இருந்துச்சு, பிள்ளைகளும் கிளிப்பிள்ள மாதிரி சொல்லுச்சுக, அடுத்த சனிக்கிழமை கேட்டா ஒண்ணுக்கும் ஞாபகம் இல்ல. எப்படி இருக்கும், பென்குயினுக்கும் இதுகளுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? போதாததுக்கு அந்த கார்டுல தண்ணிக்குள்ள நீந்துற மீனுக்கு கீழ பெஸ்காதோன்னு போட்டுருந்துச்சு. பாட புத்தக ஸ்பானிஷ்ல உசுரோட நீந்துறது பெஸ், புடிச்சு சமைக்க வந்தது பெஸ்காதோ. நம்ம ஊரு கணக்குல சொன்னா தெப்பக்குளத்துல துள்ளுனா பெஸ், மார்க்கெட்டுல ஐஸ் மேல படுத்திருந்தா பெஸ்காதோ. கார்டு வாங்குறதா இருந்தா இந்த ஒரு கார்ட மட்டும் முதல்ல பாருங்க, இதுல தப்பு இருந்தா மத்ததையும் நம்பாதீங்க.

ஒரு விஷயம், நான் இங்க தமிழ் எழுத்துல எழுதுறேன், ஆனா பிள்ளைகளுக்கு போர்டுல ஸ்பானிஷ் எழுத்துலயேதான் எழுதணும். தமிழ் எழுத்துல எழுதிப் போட்டா அத மட்டும்தான் பாக்குங்க, அந்தப் பக்கம் கண்ணே போகாது.

உச்சரிப்புக்கு ரொம்ப பயப்பட வேணாம், இங்லீஷ் படிச்ச பிள்ளைகள விட தமிழ் பேசுற பிள்ளைகளுக்குத்தான் ஸ்பானிஷ் லேசா வருது. உயிரெழுத்து அஞ்சே அஞ்சு, அ எ இ ஒ உ, எந்த வார்த்தையிலயும் மாறாது. டி (D) எழுத்த நம்ம த மாதிரியேதான் சொல்லணும், நாக்கு பல்லுல படணும், நம்ம அதுல இருக்கிற து மாதிரி மெத்துன்னு. பறவைக்கூட்டுக்கு நீதோ, அதுல வர்ற தோ அப்படியே நம்ம அதோதான். ஏரிக்கு லாகோ, அதுல இருக்கிற கோ மகன்ல வர்ற க மாதிரி. இங்லீஷ் மீடியம் பிள்ளைக நீடோன்னு சொல்லும், அப்ப தமிழ்ல பேசுறா மாதிரி பேசுன்னு சொன்னா போதும், சரியாயிரும். வி (V) எழுத்துக்கும் பி (B) எழுத்துக்கும் ஒரே சத்தம், அதனால பசுமாடு லா பாக்கா. எச் ஊமை, வாயே தொறக்காது, எறும்பு ஓர்மிகா. ஜே வந்தா தொண்டையில இருந்து ஹ, பண்ணை கிரான்ஹா. டபுள் எல் பெரும்பாலும் ய. எழுத்து மேல ஒரு அலை போட்ட என் இருக்குல்ல, அது நம்ம ஞ, அம்புட்டுத்தான், இங்லீஷ்காரனுக்கு இத விளக்க அரை மணி நேரம் ஆகும். ஆரு ரெண்டு வந்தாத்தான் கஷ்டம். பெரோன்னா "ஆனால்", பெர்ரோன்னா நாய். டவுன்பஸ் கெளம்புற சத்தம் போடச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல மாடியே அதிரும், கீழ் வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

இப்ப பாடத்துக்கு வர்றேன். ஒரு பெரிய சார்ட் பேப்பர விரிச்சு மதுரைய வரையுங்க. நடுவுல வைகை, வடக்க அழகர்மலை, வடகிழக்க ஒத்தக்கடைகிட்ட யானைமலை, மேக்க நாகமலை, தென்மேக்க பசுமலை. பாருங்க, ஊரச் சுத்தி யானை, பாம்பு, பசுன்னு மூணு விலங்கு படுத்திருக்கு, நம்மதான் பென்குயின் கார்டுக்கு காசு குடுக்கிறோம். சமணர்கள் ஏவி விட்ட யானையும் பாம்பும் மாயப்பசுவும் கல்லாப் போன கதைய முதல்ல தமிழ்லயே சொல்லிருங்க, பாதிப் பிள்ளைகளுக்கு அது தெரிஞ்சிருக்காது, வாய் பொளந்து கேக்கும். அப்புறம் ஒவ்வொரு மலை மேலயும் ஸ்பானிஷ் பேர எழுதுங்க. யானைமலைக்கு லா மொந்தாஞா தெல் எலெஃபாந்தே. நாகமலைக்கு லா மொந்தாஞா தெ லா செர்பியெந்தே. பசுமலைக்கு லா மொந்தாஞா தெ லா பாக்கா. எழுதி முடிச்சதும் பேசாம இருங்க, எவனாச்சும் ஒருத்தன் கேப்பான், மிஸ் அது மட்டும் ஏன் தெல், மத்ததுக்கு ஏன் தெ லான்னு. அங்கதான் ஆண்பால் பெண்பால் கத ஆரம்பிக்குது.

இது நம்ம பிள்ளைகளுக்கு நெசமாவே குழப்பம், ஏன்னா நமக்கு யானை, பாம்பு, மேசை, நாற்காலி எல்லாமே அது, ஒரே அஃறிணை. அங்க மேசை கூட பெண்பால். யானைக்கு எல், பசுவுக்கு லா. எல் போட்டா முன்னாடி தெ சேர்ந்து தெல் ஆகிரும், லா அப்படி ஒட்டாது. ஒட்டகச்சிவிங்கி எப்பவும் லா ஹிராஃபாதான், கடுவனா இருந்தாலும் லா ஹிராஃபா மாச்சோன்னுதான் சொல்லணும். இதுக்கெல்லாம் காரணம் சொல்லப் போகாதீங்க, வீட்டுப் பேரு மாதிரி, எல்லோ லாவோ சேர்த்தே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, பாக்கான்னு தனியா எழுதவே விடாதீங்க. கழுகு மட்டும் ஒரு திருட்டு வேலை பண்ணும், ஆகிலா பெண்பால்தான், ஆனா அ-வுல அழுத்தி ஆரம்பிக்கிறதால ஒருமையில எல் ஆகிலா, பன்மையில ஒழுங்கா லாஸ் ஆகிலாஸ். எட்டு வயசுக்கு கீழ இத சொல்லாதீங்க.

அடுத்து கேள்வி. தோந்தே பீபெ, எங்க வாழுது? ஸ்பானிஷ்ல கேள்விக்குறி தலைகீழா முன்னாடியும் ஒண்ணு நிக்கும், வாசிக்கிற பிள்ளைக்கு அது பெரிய உதவி, கேள்வி வருதுன்னு முதல்லயே தெரிஞ்சு குரல ஏத்திக்கும். பதிலுக்கு கலர் பேப்பர்ல துண்டு வெட்டுங்க, மஞ்சள்ல விலங்கு, வெள்ளையில பீபெ என், பச்சையில இடம். எல் மோனோ, பீபெ என், லா மொந்தாஞா. குரங்கு மலையில வாழுது. நம்ம மலையிலன்னு கடைசியில ஒட்டுற ல-தான் அங்க என்-ன்னு முன்னாடி வந்து நிக்குது, வினையும் நடுவுக்கு வந்துருது, துண்டுகள கையில புடிச்சு இடம் மாத்திக் காட்டுனா ஒரே தடவையில புரியும், வாயால சொன்னா புரியாது. அழகர்கோயிலுக்குப் போயி குரங்குகிட்ட தேங்காமூடிய பறிகொடுக்காத பிள்ள மதுரையில கிடையாது, அதனால எல் மோனோவ மறக்கவே மறக்காதுக.

அப்புறம் மஞ்சளையும் பச்சையையும் கலைச்சுப் போட்டு எடுக்கச் சொல்லுங்க. எல் பெஸ் பீபெ என் எல் ஆர்போல். மீனு மரத்துல குடியிருக்கு. எவன் வாசிச்சதும் சிரிக்கிறானோ அவனுக்குப் புரிஞ்சிருச்சு, எவன் பக்கத்துல இருக்கிறவன பாத்துட்டு சிரிக்கிறானோ அவனுக்கு இன்னொரு தடவ. எனக்கு இதவிட நல்ல பரிட்சை தெரியாது.

இப்பத்தான் முக்கியமான இடம். நம்ம தமிழ்ல இருக்குன்னு ஒரே வார்த்தைய வச்சு எல்லாத்தையும் ஓட்டிருவோம், யானை காட்டுல இருக்கு, யானை கோயில்ல இருக்கு. ஸ்பானிஷ்ல ரெண்டு. அதோட வாழ்விடம் எதுவோ அதுக்கு பீபெ என், இப்ப நிக்கிற இடத்துக்கு எஸ்தா என். எல் எலெஃபாந்தே பீபெ என் லா செல்பா, பெரோ எஸ்தா என் எல் தெம்ப்லோ. யானையோட இடம் காடு, ஆனா நிக்கிறது கோயில்ல. இத சொன்ன அன்னைக்கு ஒரு பொண்ணு கேட்டா, மிஸ் அது கோயிலுக்கு வந்து வருஷக்கணக்காச்சு, இன்னுமா எஸ்தான்னு. எனக்கு பதில் வரல. பீபெயும் போடலாம், தப்பில்லன்னு சமாளிச்சேன்.

எஸ்தாவுக்கு வைகைய விட்டா நல்ல பாடம் இல்ல. தண்ணி இல்லாத மாசத்துல ஏவி பாலத்து மேல நின்னு கீழ பாத்தா மாடு மேயுது, ஆடு மேயுது. லா பாக்கா எஸ்தா என் எல் ரீயோ, பசு ஆத்துல இருக்கு. வெளிநாட்டு புத்தகத்துல இது கலைச்சுப் போட்ட தமாஷ் வாக்கியம், நம்ம ஊர்ல கண்ணு முன்னாடி நடக்குற உண்மை. யானைமலை கேள்விய கடைசியா கேளுங்க, தோந்தே எஸ்தா எல் எலெஃபாந்தே? எல்லாம் ஒத்தக்கடை பக்கம் கை நீட்டும், அது பாறைடான்னு ஒருத்தன் கத்துவான், ஒரு பத்து நிமிஷம் சண்டை, அதுவும் பாதி ஸ்பானிஷ்ல. அது போதும் அன்னைக்கு.

ஞாபகம் வச்சுக்க தமிழையே கொக்கியா போடுங்க. வாத்து பாத்தோ, வாத்தப் பாத்தோம். கரடி ஓசோ, ஓசியில தேன் குடிக்கிற ஓசோ. சத்தமும் நல்லா வேலை செய்யும், நம்ம சேவல் கொக்கரக்கோன்னா அங்க உள்ள சேவல் கிகிரிகீ, நம்ம நாய் லொள்லொள்னா அந்த நாய் குவாவ் குவாவ். ஏன் மிஸ் நாய் பாஷை மாறுதுன்னு கேப்பாய்ங்க.

சொந்த ஊரு முடிஞ்சப்புறம் ஸ்பானிஷ் பேசுற ஊருகளுக்கு கூட்டிட்டுப் போங்க, ஆனா இங்க இருந்து ஒரு கயிறு கட்டி கூட்டிட்டுப் போங்க. மேலூர்கிட்ட அரிட்டாபட்டிய 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்கல்ல, அந்தப் பாறையில ராசாளிக் கழுகு இருக்கு. அதே ராசாளி ஸ்பெயின்லயும் இருக்கு, அதே மாதிரி பாறை இடுக்குலதான் கூடு கட்டும், அங்க அதுக்கு பேரு ஆகிலா பெர்திசேரா. பீபெ என் அரிட்டாபட்டி இ என் எஸ்பாஞான்னு ஒரு பையன் வாசிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி புல்லரிச்சுச்சு. இன்னொண்ணு செங்கால் நாரை, புலவர் ஒருத்தர் நம்ம மதுரைக் குளிர்ல நடுங்கிக்கிட்டு பொண்டாட்டிக்கு தூது விட்டாரே, அந்த நாரை இனம் ஸ்பெயின்ல சர்ச் கோபுரத்து மேல பெரிய பெரிய கூடு கட்டி வாழுது. லா சிக்வேஞா பீபெ என் லா தோர்ரே. அந்த வார்த்தையில யூ மேல ரெண்டு புள்ளி, என் மேல அலை, பஸ் ஆரு வேற, ஒரே வாக்கியத்துல மூணு பாடம் ஆச்சு.

நம்ம பக்கம் வயல்ல ஆட்டுக்கிடை போடுறாங்கல்ல, அதே மாதிரி அங்கயும் ஆட்ட ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போற பழக்கம் உண்டு, அதோட ஞாபகமா 1994-ல இருந்து மாட்ரிட் நடுரோட்டுல ஆட்டுக் கூட்டத்த ஓட்டிட்டுப் போற விழா நடத்துறாங்க. ஜல்லிக்கட்டு பேச்சு தானா வரும், தடுக்க முடியாது, அலங்காநல்லூர்ல மாமா வீடு இருக்கிற பையன் எல் தோரோ பீபெ என் மி காசா, காளை எங்க வீட்டுலதான் இருக்குன்னு நெஞ்ச நிமித்தி வாசிச்சான். அங்க வளக்குற காளைக தெஏசாங்கிற ஓக் மரத் தோப்பு மேய்ச்சல்ல திரியும்னு சொன்னேன், அப்ப அதுக்கு கழுத்துல மணி, கொம்புக்கு பெயிண்ட் யாரு போடுவான்னு கேட்டான்.

எங்க வாழுதுன்னு சொல்லிட்டா பாதிதான், ஏன் அங்கன்னும் கேக்கணும். அதுக்கு லின்சே நல்லது, ஸ்பெயின் காட்டுப்பூனை, காதுல கறுப்புக் குஞ்சம் வச்சது. அதுக்கு சாப்பாடே முயல்தான், முயல் பொந்துல வாழும், பொந்து இருக்கிற புதர்க்காட்டுலதான் லின்சேவும் வாழும், முயல் செத்தா இதுவும் சாகும். 2001-ல வளர்ந்த லின்சே 62-தான் மிச்சம், பாடுபட்டு காப்பாத்தி 2022-ல 648 ஆச்சு. 62-ன்னு நம்பர போர்டுல எழுதி, ஸ்கூல்ல உங்க வகுப்பு ரெண்டு செக்ஷன சேர்த்தா இம்புட்டுதான்னு சொல்லிப் பாருங்க. மெக்சிகோ அப்பா வீட்டுப் பிள்ளைகளுக்காக அஹோலோத்தேவும் சேர்த்தேன், சோச்சிமில்கோ கால்வாய்ல வாழுற சிரிச்ச மூஞ்சி உயிரி. தென் அமெரிக்காவுல இருக்கிற ஆண்டீஸ் மலைக்கு யாமா போதும், இங்லீஷ்ல லாமாம்பாங்க, ஒட்டகச் சாதி, லா யாமா செ யாமா லோலா, யாமாவோட பேரு லோலா, ரெண்டு யாமாவும் ஒரே எழுத்துன்னு கண்டுபுடிக்க விடுங்க.

கடைசி வாரம் புத்தகம். ஏ4 பேப்பர ரெண்டா மடிச்சு நூல்ல தைச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு விலங்கு, ஒரு படம், ஒரு வாக்கியம். எழுத்துப்பிழைய சிவப்பு மையில திருத்தாதீங்க, பென்சில்ல சின்னதா. வீட்டுல போயி யாருக்காச்சும் வாசிச்சுக் காட்டணும்னு கட்டாயமா சொல்லிருங்க, கேக்குறவங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாம இருந்தா இன்னும் நல்லது, பிள்ள படத்தக் காட்டி விளக்கியே ஆகணும். எங்க பக்கத்து வீட்டு வாண்டு அவங்க அப்பத்தாவுக்கு மயில் பக்கத்த வாசிச்சான், மயிலுக்கு ஸ்பானிஷ்ல பாபோ ரெயால், எல் பாபோ ரெயால் பீபெ என் எல் காம்போ, மயில் வயக்காட்டுல வாழுது. அப்பத்தா வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டுட்டு, "மயிலுக்கு என்னடா பாவம், எங்க வயல்ல நெல்லு பூராத்தையும் தின்னுட்டுப் போறது அதுதான், நாங்கதான்டா பாவம்"ன்னுச்சு.