ஆள் எடைக்கு ஏற்றபடி பைக்கின் பின் ஷொக்கை (ஷொக் அப்சோபரை) வீட்டிலேயே செட் பண்ணுவது எப்படி

பின்னால் ஆள் ஏறியதும் பைக் பதிந்துபோகிறது, கொழும்புக் காலி வீதியில் அமிழ்ந்து கிடக்கும் மேன்ஹோல் மூடியில் இறங்கினால் 'டொக்' என்று அடிக்கிறது என்றால், உடனே புது ஷொக் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓட வேண்டாம். பலருடைய பைக்கில் ஷொக் நன்றாகத்தான் இருக்கும். வாங்கிய அன்று அதன் ஸ்பிரிங்கை அமுக்கும் வளையம் எந்தப் படியில் இருந்ததோ அதே படியில் இன்னும் நிற்கிறது, அவ்வளவுதான். 55 கிலோ ஆள் தனியாக ஓடினாலும் அதே படி, 90 கிலோ ஆள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஓடினாலும் அதே படி!

பின்னால் இரண்டு ஷொக் உள்ள பைக்குகளில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிபடியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஐந்து படி. மொனோஷொக் (பின்னால் ஒரே ஷொக்) என்றால் சீற்றுக்கு அடியில், சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும். இந்த வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், நீங்கள் அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறீர்கள். அதனால் ஆள் ஏறும்போது பின்பக்கம் குறைவாக இறங்கும், பள்ளம் வரும்போது அமுங்குவதற்கு இடம் மிஞ்சும்.

எத்தனையாவது படி என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது, அளந்து பார்க்கத்தான் வேண்டும். அளவு நாடா ஒன்று, மாஸ்கிங் டேப் துண்டு ஒன்று, கூடமாட இரண்டு பேர் இருந்தால் போதும். பைக்கை டபுள் ஸ்டாண்டில் போட்டால் பின் சக்கரம் தொங்கும் (ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால் இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்). சக்கர அச்சின் நட்டில் இருந்து நேர் மேலே, சீற்றுக்குக் கீழே ஓர் இடத்தில் டேப்பை ஒட்டி அடையாளம் போட்டு அந்தத் தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பைக்கை இறக்கி, தம்பியோ மச்சானோ முன்னால் ஹாண்டிலைப் பிடிக்க, நீங்கள் ஹெல்மெட், சப்பாத்து, தினமும் கொண்டுபோகும் பேக் எல்லாவற்றோடும் ஏறி இரண்டு காலையும் மிதிபடியில் வைத்து உட்காருங்கள். இரண்டு மூன்று தடவை மெதுவாகக் குலுக்கிவிட்டு அசையாமல் இருக்கும்போது மற்றவர் அதே இரண்டு புள்ளிக்கும் இடையில் அளக்கட்டும்.

உதாரணத்துக்கு, தொங்கும்போது 540 மில்லிமீற்றர், நீங்கள் ஏறியபின் 508 என்றால் இறக்கம் 32. பின் சக்கரம் மொத்தமாக எவ்வளவு தூரம் மேலே கீழே போகும் என்று மனுவலில் இருக்கும். அதில் கால்வாசியில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இந்த இறக்கம் இருந்தால் சரி. மொத்தம் 110 மில்லிமீற்றர் என்றால் 28க்கும் 37க்கும் இடையில். அதைவிடக் கூட இறங்கினால் ஒரு படி ஏற்றி மறுபடி அளக்க வேண்டும், குறைவாக இறங்கினால் ஒரு படி இறக்க வேண்டும்.

வளையத்தைத் திருப்பக் கொக்கி மாதிரி வளைந்த ஸ்பெனர் ஒன்று பைக்கோடு வரும் டூல் பேக்கில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் பைக் என்றால் அது அநேகமாகத் தொலைந்திருக்கும், பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவது வேண்டவே வேண்டாம், வளையத்தின் பல் உடையும், வழுக்கினால் கையும் கிழியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் பைக்கில் வளையம் துருவேறி இறுகியிருக்கும், முதல் நாள் இரவே பிரஷ்ஷால் தேய்த்து டபிள்யூடி 40 அடித்து வைத்தால் காலையில் திரும்பும். அடிக்கும்போது பிரேக்கிலும் ரயரிலும் படாமல் துணியால் மூடிவிடுங்கள். சைலன்சர் ஆறியபிறகு, டபுள் ஸ்டாண்டில் போட்டே திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், அது அமுங்கினால் படி ஏறுகிறது. வளையம் பள்ளத்தில் 'கிளிக்' என்று சரியாக உட்கார வேண்டும். இரண்டு ஷொக்கும் கட்டாயம் ஒரே படியில் இருக்க வேண்டும்.

இப்போது பின்னால் வழக்கமாக ஏறும் ஆளை ஏற்றி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அநேகமாக ஒன்றோ இரண்டோ படி கூட்ட வேண்டிவரும். பிள்ளையையும் நடுவில் இருத்தி, போதாததற்கு காஸ் சிலிண்டரையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எந்தப் படியும் காணாது, மனுவலில் போட்டிருக்கும் மொத்தச் சுமையைத் தாண்டினால் ஷொக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. தனியாக ஓடும்போது படியைத் திரும்ப இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரடுமுரடான ரோட்டில் பின் சக்கரம் துள்ளும், முதுகும் வலிக்கும். தனிக்கு எது, இரண்டு பேருக்கு எது என்று டேப்பில் எழுதி சீற்றுக்கு அடியில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை.

இரண்டு பேர் போகும் நாளில் பின் ரயருக்குக் காற்றையும் கூட்ட வேண்டும், அளவு செயின் கவரிலோ மனுவலிலோ இருக்கும். பின்பக்கம் இறங்க இறங்க செயின் இறுகும் என்பதால் ஆள் ஏறிய நிலையிலும் அது கொஞ்சம் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

கடைசிப் படியிலும் இறக்கம் அடங்கவில்லை என்றால், அல்லது உங்களோடு இறக்கம் சரியாக இருந்தும் ஆள் இல்லாத பைக் தன் எடைக்குக் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது, கடினமான ஸ்பிரிங்தான் வேண்டும். சீற்றை அமுக்கி விட்டதும் பைக் ஒரு தடவை எழும்பி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ ஷொக் தண்டில் ஒயில் கசிந்திருந்தாலோ வளையத்தைத் திருப்புவதில் அர்த்தமில்லை, மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டையும் சேர்த்து. தனிச் சிலிண்டர் உள்ள காஸ் ஷொக் என்றால் அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம், உள்ளே நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கிறது.