ரயில் கத்தாழை நாரில் காம்போசிட் தகடு: செய்வதும் சோதிப்பதும்

சேலம் பக்கம் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இயற்கை நார் காம்போசிட்டைத்தான், அதாவது நாரையும் ரெசின் என்ற கெட்டியாகும் பிசினையும் சேர்த்துச் செய்யும் பொருளைத்தான், புராஜெக்டாக எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. வாழைநார், தேங்காய்நார், கத்தாழை நார் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ஆனால் மூன்று நாரைக் கலந்து ஒரு தகடு ஊற்றி, இழுத்துப் பார்த்து, வந்த எண்ணை ரிப்போர்ட்டில் போட்டு முடித்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு நாரை, இங்கே ரயில் கத்தாழை நாரை, எடுத்துக்கொண்டு, அதுவும் ரெசினும் ஒட்டுகிற இடத்தைக் கவனியுங்கள். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் அங்கேதான் நடந்திருக்கின்றன.

கண்ணாடி நாரையே பாருங்கள். இரண்டாம் உலகப்போர் காலத்திலேயே கண்ணாடி நாரையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து வலுவான தகடுகள் செய்துவிட்டார்கள், ஆனால் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் அவை பலம் இழந்தன. அதைச் சரிசெய்தது புது நாரோ புது ரெசினோ இல்லை, நாரின் மேல் பூசிய சிலேன் என்ற மெல்லிய பூச்சு. ஒரு பக்கம் கண்ணாடியோடும் மறுபக்கம் ரெசினோடும் அது வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. கத்தாழையில் நீங்கள் செய்யப்போவதும் இதே மாதிரி வேலைதான்.

முதலில் நார். ரயில் பாதை ஓரத்திலும் மானாவாரிக் காட்டு வேலியிலும் நிற்கிற கத்தாழையின் மடல் எடையில் சுமார் 4 சதவீதம்தான் நார், அதனால் 80 கிராம் நாருக்கு 2 கிலோ மடல் வேண்டும். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மழுங்கின கத்தியால் சதையைச் சுரண்டி எடுத்து, நன்றாக அலசி, நிழலில் காயவிடுங்கள். கயிறு திரிக்கிறவர்களிடம் விலைக்கு வாங்கினாலும் சரி, ஒரே கட்டிலிருந்து மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுக்குக் கட்டு நாரின் குணம் மாறும்.

நாரின் மேல் மெழுகும், லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற தாவரப் பொருள்களும் படிந்திருக்கும், ரெசின் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல் இதற்குப் போதும்: 50 கிராம் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு 1 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். சில மணி நேரம் ஊறவைத்து எடுத்து, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள், கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விடலாம். கரைசலைக் கெட்டியாக்கினால் ஒட்டுதல் கூடும் என்று நினைக்காதீர்கள், நாருக்குப் பலம் தருகிற செல்லுலோஸே சிதைய ஆரம்பித்துவிடும்.

அப்புறம் உலர்த்துவது. அவசரப்பட்டு எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். நார் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சேலத்தில் மே மாதம் காய்ந்த நாரும் ஏற்காட்டில் ஐப்பசிப் பனிமூட்டத்தில் காய்ந்த நாரும் ஒன்றாக இருக்காது. ஓவனில் (சூட்டடுப்பில்) 80 டிகிரியில் வைத்து, எடுத்து எடை போட்டு, மறுபடி வைத்து, எடை குறைவது நின்ற பிறகுதான் காய்ந்தது என்று கணக்கு. எடுத்ததும் காற்றுப் புகாத பையில் மூடிவையுங்கள்.

இப்போது கணக்கு. 300 × 300 × 3 மி.மீ. தகடு என்றால் கனஅளவு 270 கன செ.மீ. அதில் நார் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 54 கன செ.மீ., அடர்த்தி 1.45 என்று எடுத்தால் 78 கிராம் நார். மீதி 216 கன செ.மீ. எபாக்சி என்ற ரெசின், அடர்த்தி 1.15 என்றால் 248 கிராம். ஒட்டிப்போவது வழிந்துபோவது எல்லாம் சேர்த்து 275 கிராம் கலக்குங்கள். இங்கே கல்லூரிகளில் வழக்கமாக வாங்கும் எல்ஒய் 556 எபாக்சி ரெசினுக்கும் அதைக் கெட்டியாக்கும் எச்ஒய் 951 ஹார்டனருக்கும் எடையில் 10க்கு 1, ஆக 250 கிராமுக்கு 25 கிராம். மொத்தத்தையும் ஒரே டம்ளரில் கலக்காதீர்கள், சூடேறிப் புகைந்து கெட்டியாகிவிடும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். காலை வேளையில், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் கலப்பது நல்லது. எபாக்சி வேண்டாம், பாலியெஸ்டர்தான் என்றால் ஒரு எச்சரிக்கை: ரெசின் கெட்டியாவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் அதைத் தொடங்கிவைக்கும் எம்இகேபி கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் அடுத்தது.

ஊற்றுவது எளிது. இரண்டு இரும்புத் தகடு, மேலும் கீழும் ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), ஓரத்தில் 3 மி.மீ. பட்டை. 30 மி.மீ. துண்டுகளாக நறுக்கிய நாரைச் சீராகப் பரப்பி, ரெசின் ஊற்றி, ரோலரால் காற்றுக்குமிழியை வெளியே தள்ளி, மேல்தகடு போட்டுப் பாரம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள்.

இதே மாதிரி மூன்று தகடு வேண்டும்: வெறும் ரெசின், சோடா போடாத நார், சோடா போட்ட நார். மற்ற எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும், அப்போதுதான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். உடைக்கும் முன் அடர்த்தியை அளந்துவிடுங்கள். கணக்குப்படி 1.21 வர வேண்டும், உங்கள் தகடு 1.12 காட்டினால் உள்ளே 7 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். அந்தத் தகட்டின் இழுவிசை எண்ணை வைத்து நாரைப் பற்றி எதுவும் பேச முடியாது.

இழுவிசைக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பின் சோதனைத் தரமான டி3039 படி 250 × 25 மி.மீ. துண்டு, வளைவுக்கு டி790, தாங்கிகளின் இடைவெளி தடிமனைப்போல் 16 மடங்கு, அதாவது 48 மி.மீ. ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 துண்டு. அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். உடைந்த முனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு எண்களைவிட அதுதான் முக்கியம். நார் வழவழவென்று உருவிக்கொண்டு வந்து பின்னால் சுத்தமான துளை விட்டிருந்தால் ஒட்டவில்லை. நாரின் மேல் ரெசின் பிசிறு ஒட்டியிருந்தால், அல்லது நார் தகட்டோடு சேர்ந்து அறுந்திருந்தால், ஒட்டியிருக்கிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் மிகவும் நல்லது, இல்லாவிட்டால் சாதாரண நுண்ணோக்கியிலேயே ஓரளவு தெரியும். பிறகு சில துண்டுகளை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடை பாருங்கள், அவற்றையும் உடைத்துப் பாருங்கள். ஒட்டுதல் நன்றாக இருந்தால் ஈரத்திலும் பலம் அவ்வளவு குறையாது.

காப்புரிமை கேட்க ஆசை இருந்தால், கத்தாழையோடு ஜவ்வரிசி ஆலைத் திப்பியை (கிழங்குச் சக்கையை) கலந்தேன் என்பது மட்டும் போதாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவுப்படி, பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடி வருகிற கலவை கண்டுபிடிப்பு ஆகாது. இரண்டும் சேர்ந்ததால் தனித்தனியாகக் கிடைக்காத ஒன்று கிடைத்தது என்று எண்களால் காட்ட வேண்டும், அதற்கும் அந்த மூன்று தகடு மாதிரியே தனித்தனியாகவும் சேர்த்தும் தகடு செய்து ஒப்பிட வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் இலவசம், தகடு ஊற்றுவதற்கு முன்பே அதில் தேடிவிடுங்கள். கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம்.