60 நாள் நோட்டீஸ் வந்தால் முதலில் பதில், பிறகுதான் வழக்கு

ஊட்டியிலோ குன்னூரிலோ வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு, வங்கியிடமிருந்து சர்பாசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ், அதாவது 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வந்தால் உடனே கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில். வரவு வைக்காத தவணை, தவறான வட்டி, சர்வே எண் பிழை என்று ஒவ்வொன்றையும் தேதியோடு குறிப்பிட்டு, பாஸ்புக் நகலையும் இணையுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

13(3ஏ) பிரிவுப்படி, ஆட்சேபத்தை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் வங்கி காரணம் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது; 13(4)-ன்படி சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால்தான் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நீலகிரிக்கு அது கோவையில் இருக்கிறது. வங்கி பதிலே தராமல் விட்டிருந்தால் அங்கே அதுவே நல்ல பிடி.

கைமாற்று, நகைக்கடன், வக்கீல் நோட்டீஸ் இவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. கேரட், உருளை விளையும் நிலத்துக்கு நோட்டீஸ் வந்தாலோ கதை வேறு: விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. சிட்டா, அடங்கலோடு அதை ஆட்சேபத்திலேயே எழுதிவிடுங்கள். நிலம் உண்மையில் சாகுபடியில் இருக்க வேண்டும். காட்டேஜ் கட்டிவிட்டு அடங்கலைக் காட்டினால் எடுபடாது.