விமானத்தில் ஒழுகலா? பார்த்ததும் செய்யக்கூடாத தவறுகள்

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் உண்டு. பக்கத்துத் தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து விமானப் பராமரிப்பு படிக்கப் போகும் பிள்ளைகள், ஒழுகலைப் பார்த்ததும் பலர் செய்யும் தவறுகளை வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் தவறு, ஒழுகினாலே பழுது என்று முடிவு கட்டுவது. அமெரிக்கா முன்பு பறக்கவிட்ட எஸ்ஆர்-71 உளவு விமானம் தரையில் நிற்கும்போதே எரிபொருளைச் சொட்டியது. அதற்குள் தனியாக டேங்க் கிடையாது. டைட்டானியத் தோலின் உட்புறமேதான் டேங்க். ஒலியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில் பறக்கும்போது தோலின் சூடு பல இடங்களில் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, விரியவைத்துத்தானே மாட்டுவார்கள்? அதேபோல அந்த உடலும் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்கியது. இணைப்புகளை அடைத்திருந்த சீலன்ட் பசை அந்தச் சூட்டைத் தாங்காமல் விரிசல் விட்டது. முழுதாக அடைப்பது பெரும் வேலை என்பதால், எந்த இடத்தில் எவ்வளவு சொட்டலாம் என்று வரம்பு வைத்தார்கள். அதன் ஜேபி-7 எரிபொருள் எளிதில் பற்றாது என்பதால்தான் அப்படி விட முடிந்தது. சாதாரண எரிபொருளுக்கு அந்தச் சலுகையை நினைக்கவே கூடாது.

ஒழுகியதை ஈடுகட்டத்தான் அது ஏறியதும் வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டது என்று பலர் சொல்வார்கள். சரியல்ல. எடை குறைவாகக் கிளம்பினால் ஒரு எஞ்சின் நின்றாலும் பத்திரமாக மேலெழும்பலாம் என்பதே முக்கியக் காரணம்.

அடுத்தது, பார்த்ததும் துடைத்துவிட்டுப் போவது. துடைக்கத்தான் வேண்டும், ஆனால் அளப்பதற்காக. எரிபொருள் கசிவென்றால் வழக்கமான முறை இது: இடத்தை உலரத் துடைத்து, 30 நிமிடம் கழித்து ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முக்கால் அங்குலத்துக்குள் என்றால் வெறும் கறை. ஒன்றரை முதல் நான்கு அங்குலம் வரை என்றால் கடும் கசிவு. சொட்டி ஓடினால் சரிசெய்யாமல் பறக்கவிட மாட்டார்கள். எஞ்சின் பம்ப்பின் சீலைத் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) தாண்டி வடிகுழாயில் விழும் சொட்டுகளுக்கும், நிமிடத்துக்கு இத்தனை என்று கையேட்டில் வரம்பு இருக்கும். அனுபவசாலி அண்ணன் “இதெல்லாம் சகஜம்ப்பா” என்றாலும் கையேட்டைத் திறந்து பாருங்கள். அப்புறம், சொட்டுவது ஏசி தண்ணீரா, எண்ணெயா என்று உறுதிசெய்யாமல் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

எரிபொருளைப் பிடிக்கப் பிளாஸ்டிக் வாளி வைப்பதும் ஆபத்து. நிலைமின்சாரப் பொறி போதும், தீப்பிடித்துவிடும். உலோகப் பாத்திரம் வைத்து, அதையும் விமானத்தையும் கம்பியால் இணைத்து, எர்த் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஹைட்ராலிக் குழாயை (உயர் அழுத்த எண்ணெய் ஓடும் குழாய்) கையால் தடவி ஓட்டை தேடுவது. உள்ளே அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு), சில விமானங்களில் அதற்கும் மேல். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் பீச்சு கண்ணுக்கே தெரியாது; கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். அட்டைத் துண்டால் தேடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். நட்டை முறுக்கும் முன் அழுத்தத்தை முழுக்க இறக்குங்கள். ஒருவேளை பீச்சு பட்டுவிட்டால், முதலில் வலி குறைவாக இருப்பதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். விரலையே எடுக்கும் நிலை வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘சின்னக் கீறல்’ என்று சொல்லாமல், உயர் அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.