ஆபீஸில் ஐபி போன் மாட்டுகிறீர்களா? முதலில் வெளிநாட்டு அழைப்புக்குத் தடை போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஈஸ்டர் என்றால் நான்கு நாள் விடுமுறை. தெரிந்தவர்களில் பாதிப் பேர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருப்பார்கள், ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு விடுமுறையில்தான், நான் பார்த்துக்கொண்டிருந்த சாட்ஸ்வொர்த் ஆபீஸ் ஒன்றின் ஐபி போன்கள் (இணையம் வழியாகப் பேசும் போன்கள்) யாரும் தொடாமலே வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளியிருந்தன. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் முன்பணம் மொத்தமும் காலி. எக்ஸ்டென்ஷன், அதாவது போனின் உள் எண், 100, பாஸ்வேர்டும் 100; வெளியிலிருந்து யாரோ அதை ஊகித்து நுழைந்துவிட்டார்கள். அப்படி வைத்தவன் நான்தான், சோதித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று.

இப்போதெல்லாம் போனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, லைன் தரும் கம்பெனியிடம் 00-வில் தொடங்கும் அழைப்புகளை அடைக்கச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் பேச வேண்டுமா, 0091 மட்டும் திறந்தால் போதும். ஒரு நாளைக்கு இத்தனை ராண்ட் என்று வரம்பும் கேளுங்கள், பணம் தீர்ந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். 10111, 10177, 112 போன்ற அவசர எண்கள் தடையில் மாட்டியிருக்கிறதா என்று டயல் பிளானை (எந்த எண்ணை அழைக்கலாம் என்ற விதிப் பட்டியலை) திறந்து கண்ணால் பாருங்கள், விளையாட்டாக அழைத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். ஒவ்வொரு போனுக்கும் இரண்டு உண்டு: அழைப்புகளை இணைத்துவிடும் சர்வரில் பதிவாக ஒன்று, போனின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய இன்னொன்று. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அது கம்பெனியிலிருந்து வந்தபடியே பெரும்பாலும் அட்மின், அட்மின் என்று கிடக்கும். முதலாவதை யாரும் தினமும் டைப் செய்யப்போவதில்லை, அதனால் 20 எழுத்துக்கு மேல் கண்டபடி வைக்கலாம்.

ஆஸ்டெரிஸ்க் (போன் சர்வர் மென்பொருள்) மாதிரி சர்வர் ஆபீஸிலேயே இருந்தால், போன்கள் அதனோடு பேசும் வாசலான 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். திறந்த கொஞ்ச நேரத்திலேயே சர்வரின் பதிவேடான லாகில், யார் யாரோ 100, 101, 102 என்று வரிசையாகக் கதவு தட்டுவது தெரியும். லைன் கம்பெனியின் ஐபி முகவரிகளை மட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் என்ற பூட்டிய இணையப் பாதை வழியாக வரட்டும்.

மேஜைக்கு ஒரே கேபிள், அது போனுக்கு வந்து அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது என்றால் போன்களுக்குத் தனி விலான் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) கட்டாயம். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் நேராகப் போனின் அமைப்புப் பக்கத்தைத் தட்டும். டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது யார் யாரை அழைத்தார் என்பதைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்க எஸ்ஆர்டிபி என்ற குரல் மறையாக்கமும் வேண்டும்.

குரல் வெட்டி வெட்டி வந்தால் உடனே பெரிய ஃபைபர் பேக்கேஜ் வாங்கக் கிளம்பாதீர்கள். ஜி.711 என்ற வழக்கமான குரல் வடிவத்தில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 90 கிலோபிட், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. யாரோ பெரிய ஃபைல் ஏற்றும்போது குரல் பாக்கெட் பின்னால் வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்துபோகிறது என்றால் ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று, அழைப்புத் தகவலை இடையில் திருத்துகிற ஒன்று இருக்கும், முதலில் அதை அணைத்துப் பாருங்கள். உதவுகிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுக்கிற சாமான் அது.

கடைசியாக லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது. பிஓஇ சுவிட்சை (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பெட்டியை) பேட்டரி வைத்த யுபிஎஸ்ஸில் போட்டால் அத்தனை போனும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனித்தனி அடாப்டர் வேண்டாம். சரி என்று நம்பி விட்டுவிடாமல் ஒருநாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மொபைலிலிருந்து ஆபீஸின் 031 எண்ணை அழைத்துப் பாருங்கள். மணி அடிக்கவில்லையா? சுவரில் ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன சின்ன வெள்ளைப் பெட்டி எந்த பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.